வாங்காத சட்டைதான் மிச்சம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை திறக்கும். ஒன்பதுக்கே வாசலில் பைகள் குவிந்து கிடக்கும். ‘கடை மூடியிருக்கும்போது பைகளை இங்கே வைக்காதீர்கள்’ என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளுக்கு நேர்கீழேயே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரவில் மழை பெய்திருந்தால் நனைந்ததை முதலில் பிரித்து ஒதுக்க வேண்டும். ஈரத்துணி ஒன்று கிடந்தாலும் பை முழுக்க நாறிவிடும். இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் குடியிருந்தபோது, தானமாக வரும் பழையதை விற்று நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டும் இப்படியொரு சாரிட்டி கடையின் பின்னறையில் இரண்டு ஆண்டுகள் சம்பளமில்லாத் தொண்டனாகப் பை பிரித்திருக்கிறேன். அந்தக் கடைகள் மேல் எனக்குப் பகை கிடையாது. அவற்றின் பெயரால் இப்போது சொல்லப்படும் ஒரு கருத்தின் மேல்தான் வழக்கு.

‘சாரிட்டி கடையில் பழையது வாங்குங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்’ என்பது அந்தக் கருத்து. பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாரிட்டி கடைகள் இருக்கின்றன. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, இதய நோய்க்கு, முதியோருக்கு, ஆதரவற்ற நாய் பூனைகளுக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்கு நிதி திரட்டுகிறது. அந்தக் காரியத்தின் பெயர் இன்னும் பலகையில் இருக்கிறது. ஆனால் கண்ணாடி ஜன்னலில் பெரிதாகத் தெரிவதெல்லாம் பச்சை இலைகளும் பூமி உருண்டையும்தான். 2019-ல் ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம், செப்டம்பர் மாதம் முழுவதும் பழையது மட்டுமே வாங்குங்கள் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. இன்று அது ஆண்டுதோறும் வரும் சடங்கு. சென்னையிலும் பெங்களூரிலும் ‘த்ரிஃப்ட்’ என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் பழந்துணி விற்கும் இளைஞர்களும் இதே வாசகத்தைத்தான் சொல்கிறார்கள்.

அவர்கள் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜீன்ஸ் உருவாகப் பருத்தி வேண்டும், நீர் வேண்டும், சாயம் வேண்டும், மின்சாரம் வேண்டும். லீவைஸ் நிறுவனம் தன் 501 ரக ஜீன்ஸ் ஒன்றின் வாழ்நாளைக் கணக்கிட்டு 2015-ல் வெளியிட்டது: பருத்தி வயல் முதல் கடைசித் துவைப்பு வரை 3,781 லிட்டர் தண்ணீர், 33 கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமிலவாயு. இதில் பெரும்பங்கு நீர் வயலிலேயே போய்விடுகிறது. ஆகவே, ஏற்கெனவே இருக்கும் ஜீன்ஸை வாங்கினால் இத்தனையும் மிச்சம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எப்போதோ செலவாகிவிட்டது. நீங்கள் பழைய ஜீன்ஸை வாங்கியதால் ஒரு சொட்டுகூட வயலுக்குத் திரும்பாது. மிச்சம் என்ற ஒன்று வருவதென்றால் ஒரே வழிதான்: இதை வாங்கிய காரணத்தால் நீங்கள் புதியது ஒன்றை வாங்காமல் விட்டிருக்க வேண்டும். விடவில்லை என்றால் உங்கள் அலமாரியில் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே.

என் கதையையே சொல்கிறேன். இங்கிலாந்து போன முதல் குளிர்காலத்தில் எனக்கு ஒரு கனத்த கோட்டு தேவைப்பட்டது. புதியது அறுபது பவுண்டு சொன்னார்கள். சாரிட்டி கடையில் எட்டு பவுண்டுக்குக் கிடைத்தது. புதியது வாங்கவில்லை. இது உண்மையான மிச்சம். ஆனால் அதே நாளில், கல்லாவுக்குப் போகும் வழியில், இரண்டு சட்டை, ஒரு கார்டுராய் ஜாக்கெட், மூடியில்லாத நீலநிறத் தேநீர்க் குடுவை ஒன்று ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டேன். இவற்றில் எதற்காகவும் நான் எந்தப் புதுக்கடைக்கும் போயிருக்கப் போவதில்லை. விலை மலிவு, பணம் நல்ல காரியத்துக்குப் போகிறது, பூமிக்கும் நல்லது என்று மூன்று சமாதானம் சேர்ந்துகொண்டபின் கையை யார் தடுப்பது?

அந்தக் குடுவை ஓராண்டு என் ஜன்னலோரம் தூசி சுமந்தது. பிறகு அதே கடைக்குத் திருப்பிக் கொடுத்தேன். நானே விலைச்சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரத்தில் வேறொருவர் வாங்கிப் போனார். பச்சை வாசகத்தின் கணக்குப்படி அந்த மூடியற்ற குடுவை பூமியை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது. ஒருவர் வீட்டிலும் அதில் ஒரு கோப்பைத் தேநீர் ஊறியதாகத் தெரியவில்லை.

இது என் ஒருவனின் பலவீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்வீடனிலும் எஸ்டோனியாவிலும் வாங்குவோரைக் கேட்டு 2010-ல் வெளியான ஆய்வொன்று, நூறு பழைய துணி விற்றால் 60 முதல் 85 புதிய துணி வாங்குவது தவிர்க்கப்படுகிறது என்றது. பழையது வாங்கச் சொல்வோர் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் பிரிட்டனில் ராப் என்ற கழிவுக் குறைப்பு அமைப்பு 2012 வாக்கில் இதே கேள்வியைக் கேட்டபோது, துணி விஷயத்தில் விடை மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நாட்டுக்கு நாடு, பழக்கத்துக்குப் பழக்கம் இது மாறும். எங்கேயும் நூற்றுக்கு நூறு இல்லை. ஆனால் ‘இதை வாங்கினால் இத்தனை லிட்டர் மிச்சம்’ என்று சொல்லும் ஒவ்வொரு விளம்பரமும் நூற்றுக்கு நூறு என்று வைத்துக்கொண்டுதான் பெருக்குகிறது.

இங்கே ஒரு பிரிவினை செய்தாக வேண்டும். சாப்பாட்டு மேசையைப் பழையதாக வாங்குபவர் ஐந்து மேசை வாங்குவதில்லை. குழந்தைத் தொட்டில், பள்ளிச் சீருடை, மிதிவண்டி எல்லாம் அப்படித்தான். தேவைக்கு ஓர் எல்லை உண்டு, ஒன்று வந்தால் இன்னொன்றுக்கு இடமில்லை. அங்கே பழையது வாங்குவது உண்மையிலேயே புதியதைத் தள்ளிவிடுகிறது. துணிக்கும் அலங்காரப் பொருளுக்கும் அந்த எல்லை கிடையாது. அங்கே மலிவு பசியைத் தணிப்பதில்லை, கிளறுகிறது. சாரிட்டி கடையின் பெருவாரி இடத்தை அடைத்திருப்பதோ துணிதான்.

மிச்சமான பணம் எங்கே போகிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. கோட்டில் எனக்கு மிஞ்சிய ஐம்பத்திரண்டு பவுண்டு பெட்டியில் தூங்கவில்லை. மலிவு விலை விமானத்தில் ஒரு வார இறுதிப் பயணமாயிற்று. நீராவி எந்திரங்கள் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதும் நாட்டின் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடுகிறதே என்று 1865-லேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதினார். சிக்கனம் தானாகச் சேமிப்பாகிவிடாது என்பது பொருளியலில் ஒன்றும் புதுச் செய்தி இல்லை.

இதுவரை சொன்னது கடையின் முன்வாசல். பின்வாசலுக்கு வருவோம்.

என்னோடு பை பிரித்தவர்களில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். பல ஆண்டுகளாக அங்கே வருபவர். பையை அவிழ்த்து மேலே கை வைத்ததுமே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத மூன்று சட்டைகள் ஒரே பையில் வந்தன. “நல்ல மனசுக்காரங்க அக்கா, புதுசையே தந்திருக்காங்க” என்றேன். அவர் சிரித்தார். “தம்பி, சனம் இஞ்ச உடுப்புத் தரவெண்டு வாறதில்லை. அலுமாரியில இடமெடுக்க வருகுது. அடுத்த கிழமை அந்த இடத்தில என்ன தொங்குமெண்டு நினைக்கிறீர்?”

அந்தக் கேள்விதான் என் நம்பிக்கையை முதலில் ஆட்டியது. பழையதைக் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது, அது வீணாகாது, ஏழைக்கோ நோயாளிக்கோ உதவும் என்ற தைரியம் இருப்பதால்தான் புதியது வாங்கும் கை நடுங்குவதில்லை. குப்பைத்தொட்டியில் போடக் கூசும் மனம், சாரிட்டி பையில் போடக் கூசுவதில்லை. ஒருமுறை உடுத்திய விருந்துச் சட்டை, உடுத்தவே உடுத்தாத ஆன்லைன் சட்டை எல்லாம் அந்தப் பையில் புண்ணியமாக மாறிவிடுகின்றன. குளத்துக்கு மதகு இருப்பதுபோல, மலிவுத் துணி வியாபாரத்துக்கு இந்தக் கடைகள் மதகாக அமைந்துவிட்டன. மதகு இல்லையென்றால் என்றோ கரை உடைந்து, இத்தனை துணி எதற்கு என்ற கேள்வி வீட்டுக்குள் எழுந்திருக்கும்.

உலகில் உற்பத்தியான நாரிழை 2000-ல் ஏறக்குறைய 5.8 கோடி டன். 2023-ல் 12.4 கோடி டன். அதில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டர், அதாவது பெட்ரோலியம். இதற்குச் சாரிட்டி கடைகள்தான் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். நான் சொல்வது வேறு: பழையது வாங்குவது ஒரு குணமாகவும் நாகரிகமாகவும் வளர்ந்த இதே ஆண்டுகளில், புதியது இரட்டிப்பாகியிருக்கிறது. நோய் கூடிக்கொண்டே போகும்போது மருந்து வேலை செய்கிறதா என்று கேட்காமல் மருந்துக்கடைக்கு மாலை போட முடியாது.

சரி, கொடுத்த துணியெல்லாம் விற்கிறதா? ஒரு பகுதிதான். நல்லதாகப் பொறுக்கி, நீராவி காட்டி, சீட்டு குத்தி மாட்டுவோம். சீட்டில் அந்த வாரத்துக்கான குறியீடு இருக்கும். இரண்டு மூன்று வாரம் தொங்கியும் யாரும் தொடாததை, குறியீட்டைப் பார்த்து உருவி எடுத்துப் பெரிய பைகளில் அடைப்போம். அதற்குப் பெயர் ‘ராக்’. மாட்டவே லாயக்கில்லாதது நேரடியாகவே ராக். “இதை ராக் பண்ணிடு” என்று மேலாளர் சொன்னால் அத்துடன் அந்தத் துணியின் கதை எங்களுக்கு முடிந்தது. வாரம் ஒருமுறை வேன் வரும். கிலோ கணக்கில் எடை போட்டுச் சொற்பக் காசுக்கு எடுத்துப் போகும். முன்கடையில் ஒருவர் ஒரு சட்டை வாங்கிப் பெருமிதத்தோடு வெளியேறும் அதே நேரம், பின்கதவு வழியாக ராக் மூட்டைகள் வேனில் ஏறிக்கொண்டிருக்கும்.

அந்த மூட்டைகளின் பயணம் சுவாரசியமானது. கம்பளிக் கந்தலைப் பிய்த்து மறுபடி நூலாக்கும் முறையை 1813-ல் கண்டுபிடித்தவர் யார்க்‌ஷயரின் பேட்லி ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் லா. அந்த மட்டக் கம்பளியை அங்கே ‘ஷாடி’ என்பார்கள். இன்று அந்தத் தொழில் நடக்கும் இடம் நம் ஹரியானாவின் பானிப்பட். குளிர்நாடுகளின் கந்தல் குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியாக அங்கே போகிறது. உடுத்தத்தக்க பழந்துணியைத் தாராளமாக இறக்குமதி செய்ய இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், கந்தலாக வரவேண்டியது வெட்டிக் கிழிக்கப்பட்டே வருகிறது. பித்தான், ஜிப், சீட்டு எல்லாவற்றையும் பெண்கள் உட்கார்ந்து அறுத்தெடுக்கிறார்கள். பிறகு நிறவாரியாகப் பிரித்து, பிய்த்து, நூற்று, மலிவுப் போர்வையாக்குகிறார்கள். பஞ்சுத்தூசி நிறைந்த அந்தக் கூடங்களில் மூச்சிழுக்கும் நுரையீரல்களை எந்த லிட்டர் கணக்கும் சேர்த்துக்கொள்வதில்லை.

உடுத்தத்தக்கவை ஆப்பிரிக்கா போகின்றன. கானாவின் தலைநகர் அக்ராவில் கண்டமாந்தோ என்ற பெருஞ்சந்தை இருக்கிறது. அங்கே இந்த உடுப்புகளுக்கு ‘ஓப்ரோனி வாவு’ என்று பெயர். செத்துப்போன வெள்ளைக்காரனின் உடுப்பு என்று பொருள். உயிரோடிருக்கும் ஒருவன் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கிப் போடுவானா என்ற திகைப்பிலிருந்து பிறந்த பெயர் என்பார்கள். வியாபாரி கடன் வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே துணி மூட்டையை வாங்க வேண்டும். பிரித்தால் நல்லது இருந்தால் பிழைப்பு, கறையும் கிழிசலுமாக இருந்தால் கடன். அந்தச் சந்தையின் தையற்காரர்களும் சாயம் தோய்ப்பவர்களும், பிரிட்டனில் ராக் என்று ஒதுக்கியதைப் புதுச்சட்டையாக்கும் கைகாரர்கள். மறுபயன்பாடு என்றால் என்ன என்று அவர்களிடம்தான் படிக்க வேண்டும். ஆனால் அவர்களாலும் தேற்ற முடியாதது சாக்கடையிலும் கடற்கரையிலும் போய்ச் சேர்கிறது. 2025 புத்தாண்டையொட்டி அந்தச் சந்தையில் பிடித்த தீயில் பெரும்பகுதி சாம்பலானது. தென்னமெரிக்காவில், சிலி நாட்டின் இக்கிக்கே துறைமுகத்துக்கு வந்து விலைபோகாத துணிகள் அடகாமா பாலைவனத்தில் குன்றாகக் கிடக்கின்றன.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த நாடுகளும் உண்டு. சொந்தத் துணித்தொழிலை வளர்க்கலாமென்று கிழக்காப்பிரிக்க நாடுகள் 2016-ல் பழந்துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தன. அமெரிக்கப் பழந்துணி வியாபாரிகள் முறையிட்டார்கள். மற்றவர்கள் பின்வாங்க, ருவாண்டா மட்டும் வரியை உயர்த்தியபடி நின்றது. 2018-ல் அதன் ஆயத்த ஆடைகளுக்கு இருந்த வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது. தானம் என்று புறப்பட்ட பொருளை வாங்க மறுத்ததற்குத் தண்டனை!

“அப்படியானால் எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்கிறாயா?” என்று கேட்பார்கள். இல்லை. குப்பையில் போடுவதைவிடக் கொடுப்பது நல்லது. புதியதைவிடப் பழையது நல்லது, அது புதியதற்கு பதிலாக இருக்கும் வரை. நான் மறுப்பது கடையை அல்ல, அதற்குப் போர்த்தியிருக்கும் பச்சைச் சால்வையை. சாரிட்டி கடைக்கு அந்தச் சால்வை தேவையும் இல்லை. 1942-ல், போர் முற்றுகையில் பட்டினி கிடந்த கிரேக்கத்துக்கு உணவனுப்ப ஆக்ஸ்போர்டில் கூடிய குழுதான் ஆக்ஸ்பாம். 1940-களின் இறுதியில் பிராட் தெருவில் அது திறந்த கடை, பசித்தவர்களுக்குப் பணம் திரட்டும் கடை. அது போதுமான காரணம். நோய்க்கு நிதி கொடுக்க வாங்குங்கள், கையில் காசு குறைவென்றால் வாங்குங்கள், அழகாக இருக்கிறது என்றால் வாங்குங்கள். இவற்றில் எதற்கும் பூமியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை. உண்மையில் வசதியுள்ளவர்கள் கொள்கைக்காக அள்ளத் தொடங்கிய பிறகு, வேறு வழியில்லாமல் அங்கே வந்துகொண்டிருந்தவர்களுக்குத்தான் நல்ல கோட்டு கிடைப்பது அரிதாகிறது.

“சிறு துளிதானே பெருவெள்ளம்? தனியொருவர் வேறென்ன செய்ய முடியும்?” என்பது அடுத்த கேள்வி. சிறு துளிகள் சேர்வது சரி; ஒரு துளியைச் சேர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஒரு குடத்தைக் கவிழ்க்கும் உரிமை வந்துவிடுவதுதான் சிக்கல். தவிர, வேறு வழி இல்லாமலும் இல்லை. பிரான்ஸில் துணி விற்பவர்களே அதன் கடைசிக் காலச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற சட்டம் 2007-ல் வந்தது. 2023 முதல் கிழிந்த சட்டையையும் தேய்ந்த செருப்பையும் பழுதுபார்க்க ஆகும் கூலியில் ஒரு பகுதியையும் அந்த நிதியிலிருந்து தருகிறார்கள். பிரிட்டனில் துணிக்கு அப்படியொரு சட்டம் இல்லை. விற்பவர் கழுவிக்கொண்ட கையை, தொண்டர்கள் சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் இன்னொரு வலியும் உண்டு. பை பிரிக்கும்போது கழுத்துச் சீட்டைப் பார்ப்பது பழக்கம். ‘மேட் இன் இந்தியா’ என்றிருக்கும் பனியன் துணி டி-சட்டையைத் தொட்டாலே, இது எங்கள் ஊர்ப்பக்கம் ஓடிய துணி என்று கைக்குத் தோன்றும். நான் நொய்யல் கரைக்காரன். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியானதையும், அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே மன்றாடியதையும் பார்த்த தலைமுறை எங்களுடையது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. மூன்று பவுண்டு சீட்டோடு அந்த டி-சட்டை தொங்கும்போது, இதை வாங்கினால் தண்ணீர் மிச்சம் என்று யாராவது சொன்னால் நான் கேட்கத் தோன்றுவது இதுதான்: எந்தத் தண்ணீர்? நொய்யலின் தண்ணீர் அந்தச் சட்டை சாயத்தொட்டியில் இறங்கிய அன்றே போய்விட்டது. இனி மிஞ்ச வேண்டுமென்றால் அடுத்த ஆர்டர் குறைய வேண்டும். இதைச் சொன்னால் ஊரில் என்னைத் திட்டுவார்கள். ஆர்டரில்தான் அவர்கள் அடுப்பு எரிகிறது. ஆனால் எண்ணிக்கை குறைந்து விலையும் கூலியும் கூடுவதைத் தவிர, ஆற்றுக்கும் அடுப்புக்கும் சேர்த்து வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நம் வீடுகளில் வேட்டி தூளியானது, தூளி கரித்துணியானது, மிஞ்சியது பாத்திரக்காரரிடம் போய் ஒரு கிண்ணமானது என்று பெருமை பேசுவோம். உண்மைதான். ஆனால் அதைச் சாதித்தது மறுபயன்பாட்டு ஞானம் அல்ல. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்பதற்கு மேல் புதியது வராத காலம் அது. வரத்து குறைவாக இருந்ததால் பழையது உழைத்தது. இன்று ஆடித் தள்ளுபடியில் கட்டுக் கட்டாக வாங்கிவிட்டு, பழையதை அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று நிறைவடைகிறோம். பிரிட்டனின் சனிக்கிழமைப் பைகள் இங்கேயும் தயாராகிக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்த எட்டு பவுண்டு கோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது குளிர்காலத்தில் அதன் ஜிப் பிடுங்கிக்கொண்டது. தையற்கடையில் ஜிப் மாற்றப் பன்னிரண்டு பவுண்டு கேட்டார்கள். கடைக்குப் போனால் எட்டு பவுண்டுக்கு இன்னொரு பழைய கோட்டே கிடைக்கும்; வாங்கும் பணம் நோயாளிகளுக்குப் போகும்; ஜன்னலில் இருக்கும் பூமி உருண்டை என்னைப் பாராட்டும். கொஞ்ச நேரம் தையற்கடை வாசலிலேயே நின்றுவிட்டு, பன்னிரண்டு பவுண்டைக் கொடுத்தேன். அந்த வாரம் நான் எதுவும் வாங்கவில்லை.